டெட்லிஃப்ட் 140 கிலோவிலேயே நிற்கிறது, எங்கே கை வைக்கலாம்?

ஒட்டடைக்குச்சி

வணக்கம் நண்பர்களே. வயது 27, உயரம் 181 செ.மீ, எடை 78 கிலோ. ஜிம்முக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. தோளில் ராடை வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 115, மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து தள்ளும் பெஞ்ச் 80, தரையிலிருந்து இழுத்து நிமிரும் டெட்லிஃப்ட் 140. முதல் இரண்டும் மெதுவாகவாவது ஏறிக்கொண்டிருக்கின்றன, டெட்லிஃப்ட் மட்டும் பொங்கல் சமயத்தில் வந்த 140-ஐ விட்டு அசைய மாட்டேன் என்கிறது.

நான் செய்வது இதுதான். சனிக்கிழமை முதுகு நாள். 60, 80, 100, 120, 130 என்று ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் 140 அல்லது 142.5 போட்டு இழுத்துப் பார்ப்பேன். ஒரு வாரம் 140 வரும், மறுவாரம் 135 கூடத் தரையை விட்டு எழும்பாது. எழும்பிவிட்டால் மேலே போய்விடும், முட்டிக்கு மேல் பிரச்சினை இல்லை. சிக்கல் முழுக்க முதல் அரை அடியில்தான்: ராடு கிளம்புவதற்கு முன்பே இடுப்பு மேலே போய்விடுகிறது, முதுகு வளைகிறது. கனம் கூடக்கூட விரல்களும் விரிய ஆரம்பிக்கின்றன.

ஜிம் மாஸ்டர் "காலை அகட்டி சுமோ போடு, பத்து கிலோ சும்மா ஏறும்" என்கிறார். கூட ஒர்க்கவுட் செய்யும் அண்ணன், மணிக்கட்டை ராடோடு சேர்த்துக் கட்டும் ஸ்ட்ராப் வாங்கச் சொல்கிறார். யூடியூபைத் திறந்தால் ஆளுக்கொரு மந்திரம். வருடக் கடைசியில் மாவட்ட வலுதூக்கும் போட்டிக்கு (பவர்லிஃப்டிங், இந்த மூன்று லிஃப்ட்தான்) பெயர் கொடுக்க ஆசை, அதற்குள் 150 இழுத்துவிட வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_லிஃப்டர்

தம்பி, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நீ எழுதுவது பரீட்சை. படிப்பது எப்போது?

60-லிருந்து 130 வரை போனதெல்லாம் வார்ம்-அப், அப்புறம் உயிரைக் கொடுத்து ஒரே ஒரு ரெப் (ஒரு முறை தூக்குவது), அதுவும் வடிவம் கெட்ட ரெப். வாரம் முழுக்க உன் முதுகும் காலும் டெட்லிஃப்ட்டுக்காக உழைத்தது அவ்வளவுதான். தசை வளர அது போதாது, உடம்பில் நுட்பம் படியவும் போதாது, களைப்பு மட்டும் மிஞ்சும். அந்தக் களைப்போடு அடுத்த சனிக்கிழமையும் போய் நிற்கிறாய், 135 எழும்பவில்லை என்று ஆச்சரியப்படுகிறாய்.

மூன்று மாதத்துக்கு உச்ச எடை பார்ப்பதை விட்டுவிடு. வாரத்தில் இரண்டு நாள் இழு. முதல் நாள் உச்சத்தில் 80 சதவீதம், அதாவது 112.5-ல் ஆரம்பித்து மூன்று மூன்று ரெப்பாக ஐந்து செட், அதாவது ஐந்து சுற்று. செட்டுக்கு நடுவே மூன்று நிமிடம் முழுசாக உட்கார். ஒவ்வொரு ரெப்பும் தரையில் நின்று, புதிதாக மூச்சைப் பிடித்து, மறுபடி முதலிலிருந்து இழுத்ததாக இருக்க வேண்டும். பிளேட் தரையில் மோதித் துள்ளும் வேகத்தில் அடுத்த ரெப்பை எடுத்தால் உன் பலவீனமான இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறாய். வாரத்துக்கு 2.5 கிலோ ஏற்று. நான்காவது வாரம் 90-க்கு இறங்கி மூன்று செட்டோடு வீட்டுக்குப் போ, பிறகு மூன்றாம் வாரம் விட்ட எடையிலிருந்து மறுபடி ஏறு.

இரண்டாவது நாள், நடுவில் இரண்டு மூன்று நாள் விட்டு, பாஸ் டெட்லிஃப்ட். 90 கிலோ போதும். ராடு தரையை விட்டு இரண்டு விரற்கடை எழும்பியதும் இரண்டு நொடி அப்படியே நிறுத்தி, அதற்கப்புறம்தான் மேலே கொண்டுபோக வேண்டும். இடுப்பு முந்திக்கொண்டு ஏறியிருந்தால் அந்த இடத்தில் நிற்கவே முடியாது, உனக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு ரோமானியன் டெட்லிஃப்ட் (முட்டியை அதிகம் மடக்காமல் இடுப்பில் குனிந்து நிமிர்வது) எட்டு எட்டாக மூன்று செட், ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுப்பது) ஏதாவது ஒன்று.

ஸ்குவாட்டை விட்டுவிடாதே. தரையிலிருந்து கிளப்புவதில் தொடைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 115 ஸ்குவாட் போடுகிறவன் 150-ஐக் கிளப்பத் திணறுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அப்புறம், பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் செல்லை வைத்து ஒரு வீடியோ எடுத்துப் போடு.

சும்மா_தூக்குறேன்

அண்ணா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் அடிக்கடி உச்ச எடையைத் தொட்டே பெரிய ஆளானவர்களும் இருக்கிறார்களே. பயிற்சியாளர் இவான் அபாஜியேவ் காலத்துப் பல்கேரியப் பளுதூக்கும் அணி தினமும் உச்சத்துக்குப் போய்த்தானே பதக்கங்களை அள்ளியது? கனமான எடை கைக்குப் பழக வேண்டும். 112.5-லேயே மூன்று மாதம் கிடந்தால் 150-ஐப் பார்த்ததும் பயம் வராதா?

பழைய_லிஃப்டர்

அதே பல்கேரிய அணிதான் 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஊக்கமருந்தில் மாட்டி, பாதியில் மூட்டையைக் கட்டியது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலும் அவர்கள் தினமும் போட்டது ஸ்நாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (தோளில் நிறுத்தி, பிறகு தலைக்கு மேல் தூக்குவது), ஸ்குவாட். ஸ்நாட்ச் வந்தால் வரும், இல்லையென்றால் ராடைக் கீழே போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். டெட்லிஃப்ட்டில் வராத எடையோடு நான்கைந்து நொடி மல்லுக்கட்டுகிறோம், அந்த நேரம் முழுக்க நடுமுதுகும் கீழ்முதுகும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கின்றன. அதிலிருந்து தேறி வர நாள் பிடிக்கும்.

கனமான ஒற்றை ரெப் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 125-ல் ஒன்று, வேகமாக, சுத்தமாக, இன்னும் இரண்டு வந்திருக்கும் என்று தோன்றும்படி இழுத்துவிட்டு, பிறகு எடையைக் குறைத்து செட்டுகளைச் செய்தால் நல்லதுதான். கை பழகும், பயமும் போகும். தோற்கும் எடையை வாராவாரம் தேடிப் போவதுதான் வேண்டாத வேலை.

கணக்குப்புலி

உச்சத்தைப் போட்டுப் பார்க்காமலே முன்னேற்றத்தைக் கணக்கிடலாம். எப்லி சூத்திரம் என்று ஒன்று உண்டு: தூக்கிய எடையை எடுத்துக்கொள், ரெப் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து 1-ஐக் கூட்டு, இரண்டையும் பெருக்கு. 120 கிலோ ஆறு ரெப் என்றால் 144. 125 கிலோ ஆறு ரெப் என்றால் 150. ஆக 125-ஐ ஆறு முறை ஒழுங்காக இழுக்கும் நாளில் 150-க்குப் பக்கத்தில் இருக்கிறாய் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து ரெப்புக்கு மேல் போனால் இந்தக் கணக்கு நம்பத் தகுந்ததல்ல, ஆறுக்குள் ஓரளவு சரியாக வரும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே? 181 உயரத்துக்கு 78 கிலோ என்பது ஒல்லி, பெயரே ஒட்டடைக்குச்சி. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று எடுத்தாலும் நாளைக்கு 125 கிராம் வேண்டும். ஆறு முட்டையில் 36, அரை லிட்டர் பாலில் 16, உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 26, சமைத்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராமில் 45. கூட்டினால் 123. பருப்பு, தயிர், சுண்டல் எல்லாம் அதற்கு மேல். பவுடர் டப்பா இல்லாமலே முடிகிற காரியம். சோற்றைக் குறைக்காதே, டெட்லிஃப்ட் ஏற வேண்டும் என்றால் தட்டில் சோறு இருக்க வேண்டும். காசு மிச்சம் இருந்தால் கிரியேட்டின் மோனோஹைட்ரேட், தினம் 3 முதல் 5 கிராம். வேறு எதற்கும் செலவழிக்காதே.

ஒட்டடைக்குச்சி

பிஜி விடுதியில் தங்கியிருக்கிறேன், காலையில் இரண்டு இட்லி, ராத்திரி தோசை. முட்டை மட்டும் அவித்துக்கொள்ளலாம், மின்சாரக் கெட்டில் இருக்கிறது. சோயா உருண்டையும் அதிலேயே வேகுமா?

கணக்குப்புலி

வேகும். கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, பிழிந்து எடுத்து, மதியச் சாப்பாட்டுக் குழம்பில் போட்டுக்கொள். பிழியாமல் சாப்பிட்டால் வாடை தாங்காது.

இரும்பக்கா

விரல் விரிகிறது என்று எழுதியிருப்பதால் வந்தேன். ஸ்ட்ராப் வாங்கச் சொன்ன அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். வலுதூக்கும் போட்டியில் ஸ்ட்ராப்புக்கு அனுமதி கிடையாது. ஸ்ட்ராங்மேன் போட்டி வேறு கதை: எடி ஹால் 2016-ல் லீட்ஸ் நகரில் 500 கிலோ தூக்கியதும், பியோர்ன்சன் 2020-ல் 501-ம் 2025-ல் 510-ம் தூக்கியதும் ஸ்ட்ராப் கட்டித்தான், அங்கே விதி அப்படி. பெனடிக்ட் மாக்னுசன் 2011-ல் ஸ்ட்ராப்பும் இல்லாமல், தூக்க உதவும் இறுக்கமான டெட்லிஃப்ட் சூட்டும் இல்லாமல் 460 கிலோ இழுத்தார். எனக்கு அதுதான் இன்னும் வாய்பிளக்க வைக்கும் லிஃப்ட்.

முதலில் ராடு கையில் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். நிறையப் பேர் உள்ளங்கை நடுவில் வைத்து இறுக்கிப் பிடிக்கிறார்கள். எடை ஏறியதும் அது விரல்கள் தொடங்கும் மடிப்புக்கு எப்படியும் உருண்டு வந்துவிடும், வருகிற வழியில் காய்ப்பையும் கிழித்துக்கொண்டு வரும். ஆரம்பத்திலேயே அந்த மடிப்பில் வைத்துப் பிடித்தால் உருள இடம் இருக்காது, கை நீளமும் கொஞ்சம் கூடும். காய்ப்பு தடித்துப் போனால் குளித்த பிறகு நுரைக்கல்லால் (பியூமிஸ் கல்) தேய்த்துவிடுங்கள்.

வார்ம்-அப் முழுக்க இரண்டு கையும் மேலிருந்து பிடிக்கும் பிடி. அது வழுக்க ஆரம்பிக்கும் எடையிலிருந்து மாற்றுப்பிடி அல்லது ஹுக் கிரிப். மாற்றுப்பிடி என்றால் ஒரு உள்ளங்கை உங்களைப் பார்க்கும், மற்றது முன்னே பார்க்கும். முன்னே பார்க்கும் கையின் முழங்கையை மடக்கி இழுக்கவே கூடாது, பைசெப்ஸ் தசைநார் அறுந்துபோவது பெரும்பாலும் அந்தக் கையில்தான். கை கயிறு மாதிரி தொங்க வேண்டும். ஹுக் கிரிப்பில் கட்டைவிரலை ராடை ஒட்டி வைத்து அதன் மேல் மற்ற விரல்களை மூடுவது. முதல் சில வாரம் கட்டைவிரல் வலியில் கண்ணீர் வரும், பழகிவிட்டால் அவிழாது. என் கை சின்னது, நான் ஹுக்குக்கு மாறிய பிறகுதான் 100-ஐத் தாண்டினேன். வலுதூக்குதலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 20 கிலோ ராடுதான், பளுதூக்குதல் மாதிரி பெண்களுக்கு மெல்லிய 15 கிலோ ராடு என்று தனியாகக் கிடையாது, அதனால் சின்னக் கைக்காரர்கள் புலம்பிப் பிரயோசனமில்லை.

கை வழுக்காமல் இருக்க சாக் பவுடர் போட விடுகிறார்களா உங்கள் ஜிம்மில்? எங்கள் ஜிம்மில் தரை அழுக்காகும் என்று தடை, பெண்களுக்கு ஐந்து கிலோ டம்பெல்லைக் கொடுத்து ஓரமாக நிற்க வைப்பதற்கு மட்டும் தடை இல்லை. நான் திரவ சாக் வாங்கி வைத்திருக்கிறேன். தேய்த்துக் காயவிட்டால் தரையில் ஒரு துளி விழாது. நம் ஊர் வியர்வைக்கு அது இல்லாமல் கனமான செட் போடுவது வீண். ஸ்ட்ராப்பை ரோமானியன் டெட்லிஃப்ட்டுக்கும் ரோயிங்குக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே முதுகு களைக்கும்முன் கை களைத்துவிடக் கூடாது.

சேலம்_சுமோ

சுமோவைப் பற்றி யாரும் பேசவில்லையே, நானே பேசுகிறேன். சுமோவில் ராடு பயணிக்கும் தூரம் குறைவு, உடம்பும் நிமிர்ந்து நிற்கும், கீழ்முதுகுக்குச் சுமை குறையும். அது ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் ஒருநாள் காலை அகட்டிப் போட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் இந்தத் தம்பிக்கு மாஸ்டர் சொன்னது பொருந்தாது. சுமோவில் எல்லோரும் திணறுவது தரையிலிருந்து கிளப்பும் இடத்தில்தான், கிளம்பிவிட்டால் மேலே எளிது. இவருக்கு ஏற்கெனவே சிக்கல் அதே இடம். பத்து கிலோ "சும்மா" ஏறாது, முதல் மாதம் இருபது கிலோ இறங்கும். தொடையின் உட்புறமும் இடுப்பு மூட்டும் அந்த அகலத்துக்குப் பழகவே நேரம் ஆகும். போட்டி வருடக் கடைசியில் என்றால் இப்போது மாற வேண்டாம். முடிந்த பிறகு குறைந்த எடையில் விளையாடிப் பாருங்கள்.

கை நீளம் எப்படி? நேராக நின்றால் விரல் நுனி எதுவரை வருகிறது? கை நீளமாக இருந்தால் சாதா டெட்லிஃப்ட்டையே வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க லிஃப்டர் லாமர் கான்ட் 1985-ல் 60 கிலோ பிரிவில் தன் எடையைப் போல ஐந்து மடங்கு, 300 கிலோ இழுத்தார். அவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது, கைகள் நீளம், முட்டிக்குச் சற்று மேலேயே லாக்-அவுட் (முழுதாக நிமிர்ந்து நிற்பது) முடிந்துவிடும். உடம்பு அமைப்பு அந்த அளவுக்கு விளையாடும்.

ஒட்டடைக்குச்சி

கை நீளம்தான், சட்டை எடுத்தால் கை எப்போதும் குட்டை. வீடியோ இணைத்திருக்கிறேன், 130 கிலோ, ஒரு ரெப்.

பழைய_லிஃப்டர்

பார்த்தேன். இரண்டு விஷயம்.

ஒன்று, ராடு உன் காலிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ராடு பாதத்தின் நடுவுக்கு நேராகத் தெரிய வேண்டும், நின்ற நிலையில் முன்னங்கால் எலும்புக்கும் ராடுக்கும் இரண்டு மூன்று செ.மீ இடைவெளிதான். அங்கே நின்று, ராடை நகர்த்தாமல், குனிந்து பிடித்து, எலும்பு ராடைத் தொடும்வரை முட்டியை மடக்கு. அதற்குமேல் இடுப்பைக் கீழே இறக்காதே. நீ ஸ்குவாட் மாதிரி ஆழமாக உட்காருகிறாய். அந்த இடத்திலிருந்து உன்னால் இழுக்க முடியாது என்று உடம்புக்குத் தெரியும், அதனால்தான் ராடு கிளம்புவதற்குள் இடுப்பு தானாகவே மேலே வந்து தன் இடத்தைத் தேடுகிறது. முதலிலேயே அந்த உயரத்தில் வைத்துவிடு, "இடுப்பு முந்துகிறது" என்ற பேச்சே இருக்காது.

அடுத்து, வெடுக்கென்று இழுக்கிறாய். வீடியோவில் கை மடங்கி நீள்வது தெரிகிறது. வயிற்றுக்குள் மூச்சை இறக்கி, சுற்றிலும் விறைத்து, ராடைக் கொஞ்சமாக மேலே இழு. ராடுக்கும் பிளேட்டின் ஓட்டைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி போய் "டிக்" என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு தரையைக் காலால் தள்ளு. வார்ம்-அப்பில் இரண்டு அக்குளிலும் ஒரு துண்டை இடுக்கிக்கொண்டு தூக்கிப் பார், துண்டு விழக் கூடாது. அக்குளுக்குக் கீழே முதுகுப் பக்கம் இருக்கும் லாட் தசை அப்படி இறுகியிருந்தால்தான் ராடு காலை ஒட்டி வரும். முட்டிக்குக் கீழே உரசித் தோல் போனால் நீளமான சாக்ஸ் போட்டுக்கொள், போட்டியில் எப்படியும் அது கட்டாயம்.

இன்னொன்று கண்ணில் பட்டது. அந்த பிளேட் ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது? டேப் வைத்து விட்டத்தை அள. முறையான போட்டி பிளேட் 45 செ.மீ விட்டம், ஆகவே ராடின் நடு தரையிலிருந்து 22.5 செ.மீ உயரத்தில் இருக்கும்.

ஒட்டடைக்குச்சி

அளந்தேன். 38 செ.மீ. ராடு தரையிலிருந்து 19 செ.மீ உயரத்தில்தான் இருக்கிறது.

சந்தேகம் வந்து மற்றதையும் பார்த்துவிட்டேன். ராடைக் கையில் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்தால் 15.4 கிலோ. இத்தனை நாளும் 20 என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறேன். 20 என்று அச்சடித்த ஆறு பிளேட்டும் இப்படி: 18.7, 18.9, 18.8, 19.6, 20.1, 21. கூட்டிப் பார்த்தால் என்னுடைய "140" உண்மையில் 132.5 கிலோ. மாஸ்டரிடம் காட்டினேன், "இரும்பு தேயும்பா" என்றார்.

சும்மா_தூக்குறேன்

இரும்பு தேயும்பா 😂😂 அந்த 21 கிலோ பிளேட் மட்டும் வளர்ந்துவிட்டதா?

கணக்குப்புலி

பெயிண்ட் வாங்கி ஒவ்வொரு பிளேட்டிலும் உண்மையான எடையை எழுதிவிடு. இடது வலது எடை சமமாக இருக்கும்படி ஜோடி சேர். ஒரு பக்கம் 18.7-ம் மறுபக்கம் 21-ம் மாட்டிக்கொண்டு இழுத்துவிட்டு, ராடு கோணுகிறது என்று உன் முதுகைக் குறை சொல்லிக்கொண்டிருக்கப் போகிறாய்.

பழைய_லிஃப்டர்

இப்போது விளங்குகிறதா, ஏன் தரையிலேயே சிக்குகிறது என்று? மூன்றரை செ.மீ பள்ளத்திலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறாய். 181 செ.மீ ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை, கீழ்முதுகு வளையாமல் அங்கே போகவே உன் இடுப்பு விட்டுக்கொடுக்க வேண்டும். 18 மி.மீ பிளைவுட் பலகை நான்கு துண்டு வெட்டி, பக்கத்துக்கு இரண்டாக அடுக்கி, அதன்மேல் பிளேட்டை வை. 3.6 செ.மீ ஏறும், கிட்டத்தட்ட போட்டி உயரம் வந்துவிடும். மாஸ்டருக்கும் டைல்ஸ் உடையாது என்று சந்தோஷம்.

எண்ணையும் மாற்றிக்கொள்: 112.5 வேண்டாம், உண்மையான 105-ல் ஆரம்பி. பாஸ் டெட்லிஃப்ட் 85, எடை குறைக்கும் வாரமும் 85. மற்றதெல்லாம் முன்பு சொன்னபடி.

தென்காசிக்காரன்

முதுகு வளையக் கூடாது, வளையக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் இளவட்டக்கல் கிடக்கிறது. வழவழ என்று உருண்டைக் கல், அதை முதுகு வளையாமல் கட்டிப்பிடிக்கவே முடியாது. எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் முட்டியில் ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுபோய், தோளுக்குப் பின்னால் தள்ளினார்கள். யாருக்கும் டிஸ்க் நழுவியதாகக் கேள்விப்பட்டதில்லை.

ஃபிசியோ_ஆனால்_தூக்குவேன்

நழுவியவர்களைப் பற்றி ஊரில் கதை சொல்ல மாட்டார்கள், அது வேறு விஷயம் :) ஆனால் நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. முதுகு வளைந்தாலே முறிந்துவிடும் என்பது மிகை. மேல்முதுகு கொஞ்சம் வளைந்தபடி தூக்கும் பெரிய லிஃப்டர்கள் நிறையப் பேர். கல் தூக்குகிறவர்கள் சின்ன வயதிலிருந்தே, சின்னக் கல்லிலிருந்து, அந்த வடிவத்திலேயே பழகி வருகிறார்கள், முதுகும் அதற்கேற்ப உரம் ஏறிவிடுகிறது.

நான் கவனிப்பது வேறு: தொடக்கத்தில் நேராக இருந்த கீழ்முதுகு இழுக்கும் நடுவில் பழகாத வடிவத்துக்குச் சரிகிறதா என்பதுதான். அது கனம் அதிகம் என்பதற்கு அடையாளம். எடையைக் குறைத்தால் சரிந்தது நின்றுவிடும்.

மறுநாள் முதுகு இறுகியிருப்பது, தொடைப் பின்புறம் வலிப்பது இதெல்லாம் சாதாரணம், படுத்துக் கிடக்க வேண்டாம், நடந்துகொண்டிருங்கள், வலி கூட்டாத எடையில் பயிற்சியைத் தொடருங்கள். வலி காலுக்குள் இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ, காலில் பலம் குறைந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லாமல் போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. இன்னொன்று, மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது ரத்த அழுத்தம் அந்த நேரத்துக்கு மிக அதிகமாக ஏறும். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்த இழையைப் படித்துவிட்டு ஜிம்முக்கு ஓட வேண்டாம்.

ஒட்டடைக்குச்சி

பெல்ட் இப்போதே வாங்கலாமா?

இரும்பக்கா

வாங்கலாம், ஆனால் பெல்ட் இல்லாமல் வயிற்றை விறைக்கத் தெரிந்த பிறகு கட்டுங்கள். பெல்ட்டைத் தள்ளுவதற்கு வயிறு வேண்டும், பெல்ட் தானாக எதையும் தாங்காது. 10 செ.மீ அகலம், 13 மி.மீ தடிமனுக்கு மேல் போட்டியில் விட மாட்டார்கள், ஜிம் கடையில் விற்கும் பின்பக்கம் அகலமான பெல்ட்டை வாங்கிவிடாதீர்கள். டெட்லிஃப்ட்டுக்கு ஸ்குவாட்டைவிட ஒரு விரல் மேலே கட்டிப் பாருங்கள், குனியும்போது விலா எலும்பில் குத்தாத இடம் ஆளுக்கு ஆள் மாறும்.

ஒட்டடைக்குச்சி

மூன்று மாதம் கழித்து வருகிறேன், யாராவது இருக்கிறீர்களா?

பலகை வைத்து, எடை எழுதிய பிளேட்டில், அண்ணா சொன்னபடியே செய்தேன். 105-ல் ஆரம்பித்தபோது ஜிம்மில் ஒருவர் "என்னப்பா, உடம்பு சரியில்லையா" என்று விசாரித்தார். பாஸ் டெட்லிஃப்ட்தான் ஆளைக் கொன்றது, 85 கிலோவில் கால் நடுங்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இடுப்பு முந்துவது இரண்டாவது மாதத்தில் நின்றுவிட்டது. செட்டுகள் 122.5 வரை போயின. உடல் எடை 81.

போன வாரம் உச்சம் பார்த்தேன். 135 சுலபம். 142.5 வந்தது, உண்மையான 142.5. பிறகு 147.5 போட்டேன், தரையிலிருந்து கிளம்பியது, முட்டியைத் தாண்டியது, அங்கே வலது கை விரல் திறந்துவிட்டது. ஹுக் கிரிப் பழகுகிறேன், ஆனால் கனமான எடையில் வலிக்குப் பயந்து மாற்றுப்பிடிக்குப் போய்விடுகிறேன். போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

பழைய_லிஃப்டர்

132.5-லிருந்து 142.5, அதுவும் முட்டியைத் தாண்டிய 147.5. போதும், அதை இனி ஜிம்மில் தேடாதே. மேடையில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு வாரத்தில் நான்கு வாரம் 115, 117.5, 120, 122.5 என்று போ. ஐந்தாவது வாரத் தொடக்கத்தில் 132.5-ல் ஒரே ஒரு ரெப், அதுதான் கடைசி கனம். அப்புறம் போட்டி நாள் வரை 100-ஐத் தாண்டாதே.

போட்டியில் டெட்லிஃப்ட் கடைசியில் வரும். ஸ்குவாட்டும் பெஞ்சும் முடித்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுந்த களைப்பில் இழுக்க வேண்டும், அதனால் முதல் முயற்சி 130, தூக்கத்திலும் வரக்கூடிய எடையாக எழுதிக் கொடு. இரண்டாவது 140. அது எப்படி வந்தது என்பதைப் பொறுத்து மூன்றாவது 145-ஆ 147.5-ஆ என்று முடிவு செய். ஒவ்வொரு முயற்சி முடிந்ததும் அடுத்த எடையைச் சொல்ல ஒரு நிமிடம்தான் தருவார்கள், முன்கூட்டியே யோசித்து வை.

ஜிம்மில் பழகாத இரண்டு விஷயத்தை இன்றிலிருந்தே பழகிக்கொள். மேலே நிமிர்ந்து முட்டியைப் பூட்டி அசையாமல் நிற்க வேண்டும், நடுவர் கையை இறக்கி "டவுன்" என்று சொன்ன பிறகுதான் இறக்கலாம். இறக்கும்போது இரண்டு கையும் ராடில் இருக்க வேண்டும், டமாலென்று போட்டால் சிவப்பு விளக்கு. தொடையில் ராடை முட்டுக்கொடுத்து ஏற்றினாலும் சிவப்பு. மூன்று நடுவரில் இருவர் வெள்ளை காட்டினால் போதும்.

இரும்பக்கா

ஹுக் வலிக்குக் கட்டைவிரலில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இரண்டு சுற்று வரை அனுமதி உண்டு, மற்ற விரல்களில் கூடாது. இந்த ஆறு வாரமும் கடைசி செட்டின் கடைசி ரெப்பை மேலேயே பத்து நொடி பிடித்து நில்லுங்கள், ஹுக்கிலேயே. சிங்லெட் (உடம்போடு ஒட்டிய போட்டி உடை), முட்டிக்குக் கீழே வரும் நீள சாக்ஸ் இரண்டும் எடுத்துப் போக மறக்காதீர்கள். குதிகால் உயர்ந்த ஷூவில் இழுக்காதீர்கள், தட்டையான ஷூ போதும்.

ஒட்டடைக்குச்சி

சாக்ஸ் மட்டும் இல்லை, மற்றதெல்லாம் ஆயிற்று. கால்பந்துக்காரர்கள் போடும் சாக்ஸ் ஓடுமா அக்கா?

இரும்பக்கா

ஓடும். முட்டியை மூடாமல் மடித்துவிடுங்கள், முட்டியைத் தொட்டால் மாற்றச் சொல்வார்கள்.